சோபாகனின் கட்டு
(வண்டன்மேட்டில் பௌர்ணமி நாளன்று நிகழ்த்திய பாடத்தின் எழுத்துருவம்)



என் தவறு ஒன்றைத் திருத்திக்கொள்ளும் பொருட்டே இப்பாடத்தை எழுதுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன், தோட்டத் தொழிலாளர் வாழும் ஓரிடத்தில் பஞ்சசீல விளக்கம் செய்துகொண்டிருந்தேன். எவ்விடம் என்று கூறமாட்டேன். அதன் காரணம் பின்னர் விளங்கும். கூட்டம் கலைந்தபின் ஒரு தாய் என்னிடம் வந்தார். அவருடைய மகள் பள்ளி விட்டதும் உறவினர் ஒருவரின் வீட்டில் இருந்து வருவது வழக்கமாம். சில வாரங்களாக அங்கே செல்ல மறுத்து, பூட்டிக் கிடக்கும் தன் வீட்டு வாசற்படியிலேயே இருட்டும் வரை அமர்ந்திருக்கிறாளாம். “ஐயா, அடித்து அனுப்பலாமா?” என்று அத்தாய் கேட்டார். “அடிக்க வேண்டாம், அம்மா, நயமாகச் சொல்லி அனுப்புங்கள். குழந்தைகளுக்குப் பிடிவாதம் இயல்புதானே” என்று விடை கூறினேன். அடிக்க வேண்டாம் என்று கூறிவிட்டதற்காக உள்ளூர மகிழ்ந்தும் கொண்டேன். ஏன் மறுக்கிறாள் என்று கேட்க வேண்டுமென எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றிரவு படுத்தபின்தான் சோபாகனின் வரலாறு என் நினைவுக்கு வந்தது. அதனைப் பலமுறை படித்திருக்கிறேன், பலருக்கும் எடுத்துரைத்திருக்கிறேன். ஆயினும் அது வேண்டியிருந்த நேரத்தில் எனக்குப் பயன்படவில்லை.

தேரகாதையின் உரையில் வரும் வரலாறு இது. சோபாகன் சுடலை காக்கும் குலத்திற் பிறந்தவன் என்பர். வணிகர் குலத்தான் என்று கூறுவோரும் உண்டு. பிறந்து நான்கு திங்களில் தந்தை இறந்தார். சிற்றப்பன் அவனை வளர்த்தான். ஏழு வயதில், சிற்றப்பனின் மகனோடு அச்சிறுவனுக்கு ஏதோ சச்சரவு உண்டாயிற்று. சினங்கொண்ட சிற்றப்பன் அவனைச் சுடுகாட்டிற்கு அழைத்துச் சென்று, இரு கைகளையும் கயிற்றால் பிணித்து, ஒரு பிணத்தோடு சேர்த்துக் கட்டினான்; நரிகள் தின்றுவிடட்டும் என்று விட்டுவிட்டு வீடு திரும்பினான். நள்ளிரவில் நரிகள் ஊளையிட, அக்குழந்தை அழுதான். பகவர் அவ்வழுகையை அறிந்து, ஒளியைப் பரப்பி, அஞ்சாதே என்று அழைத்து, அவன் கட்டுகளை அறுத்தார். வீட்டிலே தாய் மகனைக் காணாது சிற்றப்பனை வினவினாள். “எனக்குத் தெரியாது” என்றான் அவன். அவள் அந்த விடையோடு நின்றுவிடவில்லை. மகனைத் தேடிக்கொண்டு பகவரிடமே சென்றாள்.

இவ்வரலாற்றை நாம் வழக்கமாக முடிக்கும் இடம் வேறு. ஏழு வயதுச் சிறுவன் அருகத் நிலை எய்தினான், பத்து வினாக்களுக்கு விடை பகர்ந்து உபசம்பதை பெற்றான் என்று பெருமையோடு முடிப்போம். அப்பெருமை மெய்யே. எனினும் ஒரு குழந்தையைத் துன்புறுத்தியோன் யார், எவ்வாறு செய்தான், அக்குழந்தை எவ்வாறு மீட்கப்பட்டான் என்று வரிசையாகப் பார்த்தால், நம் காலத்து வழக்கு ஒன்றைப் படிப்பது போலவே இருக்கும். கொடுமை செய்தோன் வழிப்போக்கன் அல்லன், சோறிட்டு வளர்த்தவன். குழந்தை அவனோடு விருப்பத்துடனேயே சென்றிருப்பான். வினவியபோது அவன் பதற்றமின்றிப் பொய் கூறினான். பகவரின் செயல்முறையையும் பாருங்கள். கட்டுண்ட சிறுவனிடம் “நீ என்ன குற்றம் செய்தாய்? ஏன் அவனுடன் சென்றாய்? அப்போதே ஏன் கத்தவில்லை?” என்று அவர் விசாரிக்கவில்லை. முதலில் அச்சத்தை நீக்கினார். உடனே கட்டை அறுத்தார். வினாக்கள் எல்லாம் பின்னர் வந்தவை. அவையும் சிறுவனின் அறிவை உயர்த்தும் வினாக்கள்.

நாமோ தலைகீழாகச் செய்கிறோம். வினாக்களை முதலில் அடுக்குகிறோம். கட்டோ அப்படியே இருக்கிறது.

நிற்க. கொடுமை செய்வோர் பெரும்பாலும் குழந்தை அறிந்தவரே என்பது உரையாசிரியர் கூற்று மட்டுமன்று. 2007ஆம் ஆண்டு மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்ததில், நூற்றுக்கு 53 பேர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானதாகக் கூறினர். துன்புறுத்தியோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்களும் நம்பிக்கைக்கு உரியவர்களுமாக இருந்தனர். அதற்கு முந்திய ஆண்டு சென்னையில் ‘துளிர்’ என்னும் அமைப்பு, பள்ளி செல்லும் 2,211 குழந்தைகளிடையே நிகழ்த்திய ஆய்வில் நூற்றுக்கு 42 பேர் அவ்வாறு கூறினர். சிறுமியரில் 39, சிறுவரில் 48. “ஆண்பிள்ளைக்கு என்ன வந்தது” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோமே, அதற்கு இக்கணக்கு விடை கூறும். சோபாகனும் ஆண்பிள்ளையே.

இம்மலைப்பகுதியில் வாழும் நாம் இதனை நம் நாளோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். வண்டன்மேடு ஏலக்காய்க்குப் பேர்பெற்ற ஊர். பக்கத்துப் புற்றடியிலும் போடியிலும் ஏலம் நடைபெறுகிறது. காய் எடுக்கும் பெண்கள் சிலர் இங்கேயே லைன் வீடுகளில் குடியிருக்கின்றனர். பலர் விடியுமுன் கம்பம், போடி முதலிய ஊர்களிலிருந்து ஜீப்பில் மலையேறி மாலையில் இறங்குகின்றனர். அண்மை ஆண்டுகளில் வடமாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் குழந்தைகளோடு வந்துள்ளன. பள்ளி விடும் நேரம் ஒன்று, தாய் வீடு திரும்பும் நேரம் வேறொன்று. இடையில் உள்ள அந்த இரண்டு மணி நேரம் குழந்தை யாருடைய பொறுப்பு? பெண் தொழிலாளர் மிகுந்த தோட்டங்களில் பிள்ளைக் காப்பகம் வேண்டுமென்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே விதித்திருந்தது. அவ்விதி கைக்குழந்தைகளையும் சிறு மதலைகளையும் கருதியது. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கு அதில் இடமில்லை. சிறு ஏலத்தோட்டங்களில் அதுவும் இல்லை. ஆகவே அண்டை வீட்டார், உறவினர், கடன் கொடுத்தவர், வேலை வாங்கித் தருபவர் ஆகியோரின் தயவில் குழந்தையை விடுகிறோம். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நல்லவரே. தீயவன் ஒருவன் இருந்தால், அவன் முதலில் நண்பனாக்கிக்கொள்வது பெற்றோரைத்தான். சிறு கடன் தருவான். மருத்துவமனைக்கு உடன் வருவான். குழந்தைக்கு மிட்டாய் வாங்கித் தருவான். பின்னர் குழந்தை வாய் திறந்தால், “அவரா? அவர் நமக்கு எவ்வளவு செய்திருக்கிறார்!” என்று நாமே அவ்வாயை அடைத்துவிடுவோம்.

அடைத்த வாய்க்குப் பின் என்ன நேரும் என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டுவதில்லை. கோவையில் பஞ்சாலை வேலையில் இருந்த நாட்களில் வாளையார் வழியாகப் பலமுறை பாலக்காட்டிற்குச் சென்றிருக்கிறேன். அவ்வாளையாறு பகுதியில் 2017ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள், ஏழைத் தொழிலாளர் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி தன் வீட்டில் இறந்து கிடந்தாள், வயது 13. மார்ச் 4ஆம் நாள், ஒன்பது வயதே ஆன அவள் தங்கையும் அதே வீட்டில் அவ்வாறே இறந்து கிடந்தாள். இடையில் இரண்டு மாதம் கூட ஆகவில்லை. மூத்தவளின் பிரேதப் பரிசோதனையிலேயே பாலியல் துன்புறுத்தலுக்கான அறிகுறி குறிக்கப்பட்டிருந்தது. அக்குறிப்பின்மேல் உரிய நடவடிக்கை எடுக்கப்படாமலே அந்நாட்கள் கழிந்தன. 2019இல் பாலக்காட்டு நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டோரை விடுவித்தது. 2021 ஜனவரி 6 அன்று கேரள உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. பின்னர் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. குற்றவாளி இன்னார் என்று கூறுவது நம் வேலையன்று. மூத்தவள் இறந்தபின்னும் இளையவள் உயிரோடு இருந்தாள் என்பதையே நான் திரும்பத் திரும்ப எண்ணுகிறேன். அந்த ஏழு வாரங்களில் யாரேனும் அவளைத் தனியே அழைத்து, அஞ்சாதே என்று கூறியிருக்கலாம்.

நம் இடுக்கி மாவட்டத்திலும் 2021 ஜூன் மாதத்தில் தேயிலைத் தோட்டத்து லைன் வீடொன்றில் ஆறு வயதுச் சிறுமி இறந்த செய்தி யாவரும் அறிந்ததே. 2023 டிசம்பரில் கட்டப்பனை நீதிமன்றம் அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவரை விடுவித்தது. புலனாய்வில் நேர்ந்த குறைகளையும் அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. தொடக்க மணி நேரங்களில் நழுவவிட்டதைப் பின்னர் எந்த ஊர்வலத்தாலும் மீட்க இயலாது. ஆதலின் இத்தகைய செய்தி நம் காதுக்கு எட்டினால் முதல் நாளில் செய்ய வேண்டியவற்றைச் சற்று விரிவாகவே கூறுகிறேன்.

குழந்தை சொல்லத் தொடங்கினால் கேட்டுக்கொள்ளுங்கள். இடைமறியாதீர்கள், முகத்தில் சினத்தையோ அருவருப்பையோ காட்டாதீர்கள், அது தன்மேல் காட்டப்படுவதாகவே குழந்தை கொள்ளும். “நீ சொன்னது நல்லது, தவறு உன்னுடையது அன்று, நான் உன்னோடு இருக்கிறேன்” என்னும் மூன்று சொற்கள் போதும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்களித்துவிடாதீர்கள். அவ்வாக்கைக் காக்க முடியாது. அத்தையிடம் ஒருமுறை, மாமனிடம் ஒருமுறை, ஊர்ப் பெரியவரிடம் ஒருமுறை என்று குழந்தையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது மற்றொரு கொடுமை; வழக்கிற்கும் அது ஊறு செய்யும். உடல் துன்பம் அண்மையில் நேர்ந்ததாயின், மருத்துவர் காணும் வரை குளிப்பாட்டாதீர்கள். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைத்திருங்கள். நாட்கள் கடந்துவிட்டனவே என்று மருத்துவரிடம் செல்லாமல் இருந்துவிடவும் வேண்டாம். அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் முதலுதவியும் சிகிச்சையும் கட்டணமின்றி அளிப்பது அவர்கள் கடமை. காவல்துறைக் கடிதம் கொண்டு வா என்று திருப்பி அனுப்பக் கூடாது. சிறுமியாயின் பெண் மருத்துவரே பரிசோதித்தல் வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருக்கலாம்.

சொல்லாத குழந்தைகளே மிகுதி. ஒருவரைக் கண்டால் ஒடுங்குவது, விட்டுப்போன படுக்கை நனைப்பு மீண்டும் வருவது, நன்றாகப் படித்த பிள்ளை திடீரெனப் பின்தங்குவது, எங்கிருந்து வந்ததென்று கூறாத காசு, போக மறுக்கும் வீடு: இவற்றுள் எதுவும் தனியே சான்றாகாது. ஆனால் ஒவ்வொன்றும் மெல்ல வினவத் தக்கது.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், போக்சோ எனப்படுவது, 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. பதினெட்டு வயது நிரம்பாதவர் யாவரும், ஆணாயினும் பெண்ணாயினும், அதன்படி குழந்தைகளே. குற்றம் நேர்ந்ததென்று அறிந்தவர் காவல்துறைக்கு அறிவித்தே ஆக வேண்டும், அறிவியாமை தண்டனைக்குரியது. நல்லெண்ணத்தோடு அறிவித்தவர்மீது வழக்கில்லை. ஊர் கூடிப் பேசி, பணம் வாங்கிக் கொடுத்து முடிப்பதற்கும், குற்றம் செய்தவனுக்கே அப்பெண்ணை மணமுடித்து “மானம் காப்பதற்கும்” சட்டத்தில் இடமே இல்லை. நம் மக்களிடையே இன்றும் இது நடக்கிறது என்பதை மறைத்துப் பயனில்லை.

எல்லையில் வாழும் தமிழர் குறிப்பாக அறிய வேண்டியவை இரண்டு. இங்குள்ள காவல் நிலையத்தில் மலையாளத்தில் எழுதுவர், குழந்தைக்கு அது புரியாதாயின் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அமர்த்த வேண்டுமென்று சட்டம் கூறுகிறது, நீதிமன்றத்திலும் அவ்வாறே. கேட்டுப் பெறுங்கள். புரியாத மொழியில் எழுதிய தாளில் கையொப்பம் இடாதீர்கள். மற்றொன்று, குற்றம் கேரளத்தில் நேர்ந்து, அஞ்சிய குடும்பம் தேனி மாவட்டத்திற்கு இறங்கிவிட்டதாயின், அங்குள்ள காவல் நிலையத்திலேயே புகார் அளிக்கலாம். “அது எங்கள் எல்லை அன்று” என்று அவர்கள் மறுத்தற்கில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டம் இதனை வெளிப்படையாகவே கூறுகிறது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை சீருடை அணியாத பெண் உதவி ஆய்வாளர் பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் குழந்தையை வைத்திருத்தல் கூடாது.

யாரிடம் செல்வது என்று தெரியாதவர்க்கு 1098 என்னும் எண் உண்டு. அவ்வெண் பிறந்த வரலாறு கேட்கத் தக்கது. மும்பையில் டாட்டா சமூக அறிவியல் கழகத்தைச் சார்ந்த ஜெரூ பிலிமோரியா என்னும் அம்மையார் தெருவோரச் சிறுவரிடையே பணி செய்து வந்தார். அவசரத்திற்குக் கூப்பிடுங்கள் என்று தம் வீட்டுத் தொலைபேசி எண்ணையே அவர்களிடம் கொடுத்தார். அழைப்புகள் இரவு நேரங்களில் வந்துகொண்டே இருந்தன. அதிலிருந்தே 1996இல் சைல்டுலைன் என்னும் உதவித் தொலைபேசி தோன்றிற்று. பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கும் எண், எழுத்தறியாப் பிள்ளைக்கும் நினைவில் நிற்பது. 2023இல் அப்பணியை அரசு தானே ஏற்றுக்கொண்டது, எண் மாறவில்லை, கட்டணமும் இல்லை. தமிழில் இத்துறையில் முன்னின்றது மேற்கூறிய துளிர். 2004இல் வித்யா ரெட்டி முதலியோர் சென்னையில் தொடங்கியது. உடலின் பாதுகாப்பைப் பற்றிக் குழந்தைகளுக்குக் கூச்சமின்றிக் கற்பிப்பதும், துன்புற்ற குழந்தை தேறி எழத் துணை நிற்பதும் அதன் பணிகள்.

துணை நிற்பது என்பதே நம் சங்கத்தார் கருத வேண்டியது. புகார் அளித்த நாளில் கூட்டமாக உடன் செல்வோர் பலர். இரண்டாம் ஆண்டில் வாய்தாவுக்கு உடன் செல்வோர் யார்? ஓராண்டுக்குள் விசாரணை முடிதல் வேண்டும் என்று சட்டம் கூறினும் வழக்குகள் நீளுகின்றன. கூலி இழந்து, ஜீப்புக்குக் காசு தேடி, எதிரியின் உறவினர் வழியிலே ஏச, ஒரு தாய் தனியே எத்தனை முறை கட்டப்பனைக்குச் செல்வாள்? இதனை உணர்ந்தே 2020ஆம் ஆண்டின் விதிகள் ‘ஆதரவு நபர்’ ஒருவரைக் குழந்தைகள் நலக் குழு அமர்த்தலாம் என்று கூறின. பச்பன் பச்சாவ் ஆந்தோலன் என்னும் அமைப்பு தொடுத்த வழக்கில், ஆதரவு நபர் வேண்டுமா என்பதைப் பெற்றோரின் முடிவுக்கே விட்டுவிடலாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் வலியுறுத்தியது. உணவு, உடை, போக்குவரத்து ஆகியவற்றிற்கு உடனடி உதவித் தொகையும், வழக்கு முடியுமுன்னரே இடைக்கால இழப்பீடும் கேட்கலாம். நம்மில் எழுதப் படிக்கத் தெரிந்த இருவர், அவர்களுள் ஒருவர் பெண்ணாக, இவ்விதிகளைக் கற்று, குழந்தைகள் நலக் குழுவிடம் தம்மை அறிமுகம் செய்துகொள்ளுதல் நன்று. சங்கத்தின் நிதியிலிருந்து வாய்தா நாளின் கூலியையும் ஜீப்புக் கட்டணத்தையும் தருவது, ஒரு வேளை அன்னதானத்தினும் குறைந்த செலவே.

நம் ஞாயிறு வகுப்பையும் சொல்லாமல் விடலாகாது. சமய நிறுவனத்தைச் சேர்ந்தவர் இக்குற்றம் செய்தால் சட்டம் அதனைக் கடுங்குற்றமாகவே வைத்துள்ளது. மஞ்சள் துணி எதற்கும் காப்பன்று. இராகுலனுக்குத் துறவு அளித்தபோது சுத்தோதனர் வருந்தி வேண்ட, பெற்றோர் இசைவின்றிப் பிள்ளைகளைச் சங்கத்தில் சேர்த்தலாகாது என்று பகவர் தம் சங்கத்திற்கே விதி செய்தார். தாம் செய்ததையே பின்னர் விதியால் வரையறுத்தவர் அவர். ஆதலின் வகுப்பு நடக்கும்போது கதவு திறந்திருத்தல், ஒரு குழந்தையோடு பெரியவர் ஒருவர் மட்டும் தனித்திராமை, பெற்றோர் எந்நேரமும் உள்ளே வரலாம் என்னும் உரிமை ஆகியவற்றை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டோம். “எங்களை ஐயுறுகிறீர்களா?” என்று ஆசிரியர் ஒருவர் மனம் நொந்தார். நான் வேலை பார்த்த ஆலையின் கார்டிங் பகுதியில் பற்சக்கரங்களுக்கு இரும்பு மூடி இருந்தது. அதனைக் கழற்றி வைத்து ஓட்டியபோது ஓர் இளைஞனின் விரல் போயிற்று. பதிவேட்டில் “தொழிலாளியின் கவனக்குறைவு” என்று எழுதினார்கள். மூடி போடுவது யாரையும் அவமதிப்பதன்று என்று அவ்வாசிரியரிடம் கூறினேன். அவர் ஒப்புக்கொண்டார், சற்று நேரம் கழித்தே ஒப்புக்கொண்டார்.

தொடக்கத்தில் ஊர்ப் பெயரைக் கூறாமல் விட்டேன். குழந்தையின் பெயர், குடும்பம், பள்ளி, வசிக்கும் பகுதி ஆகியவற்றுள் எதையும் பத்திரிகைகளில் வெளியிடலாகாது என்பது அச்சட்டத்தின் விதி. ஆகவே அக்குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்பதையும் எழுதேன். செய்ய வேண்டியவை முறைப்படி செய்யப்பட்டன என்று மட்டும் கூறலாம்.

மறுநாளே அத்தாயைத் தேடிச் சென்று, “அம்மா, நேற்று நான் கூறியது தவறு; குழந்தையை அவ்வீட்டிற்கு அனுப்ப வேண்டாம்” என்றேன். அவர் அடுப்பை ஊதிக்கொண்டே, “நான் அனுப்பவில்லை, ஐயா. நீங்கள் சொல்லும்போதே அவள் என் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்” என்றார்.